அன்னசாலையும் சமபந்தியும்

தமிழ்நாட்டில் பசித்தவர்க்கு ஆகாரம் அளிக்கும் பொருட்டு அரசரும் அடியாரும் வணிகரும் ஊராரும், பிற்காலத்தில் நகரசபையாரும் அரசாங்கத்தாரும் காலந்தோறும் நிறுவி நடத்திவந்த ஸ்தாபனங்களின் வரலாற்றையும், அவற்றில் யார் சமைக்கலாம், யார் யாருடன் அமர்ந்து உண்ணலாம் என்பது பற்றி எழுந்த பூசல்களின் வரலாற்றையும் ஒருங்கே கூறுவது இக்கட்டுரை. அன்னதானம் செய்வதைப் புண்ணியமாகப் போற்றுவதில் இந்நாட்டார் எக்காலத்தும் பின்வாங்கியதில்லை. ஆயினும் சோறு கிடைத்த இடத்திலும் பந்தியில் இடம் கிடைக்காதவர் பலர் நெடுங்காலம் இருந்தனர். ஆதலின் இங்கே பசிநீக்கத்தின் வரலாறு நெல்லின் வரலாறாக மட்டும் அமையாமல், பந்தியின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

பழைய இலக்கியமும் சாசனங்களும்

பசியை ஒரு பிணியாகவும், அதனைத் தீர்ப்பதைத் தலையாய தர்மமாகவும் கருதும் மனப்பான்மை சங்க நூல்களிலேயே வேரூன்றியிருக்கக் காண்கிறோம். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறுமிடத்து, ஈகையைப் புகழ்வதோடு நில்லாமல், சோற்றுக்கு மூலம் நிலமும் நீரும் ஆதலின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவிப்பதே அரசனுக்குப் புகழ் தரும் காரியம் என்று வற்புறுத்துகிறார். தானத்தைக் காட்டிலும் தானம் வேண்டாத நிலையை உண்டாக்குவதே மேல் என்னும் கருத்து அவ்வறிவுரையில் அடங்கியிருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் இப்பொருளை மையமாகவே கொண்டது. அமுதசுரபி என்னும் அட்சயபாத்திரத்தை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். யாகத்துக்கென்று கட்டிவைத்திருந்த பசுவை இரவில் அவிழ்த்துச் சென்றமையால் அந்தணரது பகைக்கு ஆளாகி, பிறப்பினால் இழிந்தவன் என்று ஊரைவிட்டு விலக்கப்பட்டு, மதுரையை அடைந்து, வீடுதோறும் பிச்சை ஏற்றுக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி எஞ்சியதைத் தான் உண்டவன் அவன். ஊரார் விலக்கிய ஒருவனிடமிருந்தே ஊரைக் காக்கும் பாத்திரம் வந்ததாகக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் கதையை அமைத்திருப்பது கவனிக்கத்தக்கது. அப்பாத்திரத்தைப் பின்னர் அடைந்த மணிமேகலை புகாரில் சிறையிருந்தோர்க்கு உணவளித்ததோடு, அரசனிடம் வரமாகக் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். பிறகு மழையின்றி வாடிய காஞ்சிக்குச் சென்று அங்கும் பசி தீர்க்கிறாள்.

இடைக்காலத்துச் சாசனங்களில் அன்னசாலைகளுக்கு விடப்பட்ட நிலங்கள் சாலாபோகம் என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் சாசனம் 340 மாணாக்கர்க்கு உணவளித்துக் கல்வி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஆனால் இத்தகைய நிபந்தங்களுட் பல வேதம் ஓதுவார்க்கென்றும், சிவயோகியர்க்கென்றும், அடியார்க்கென்றும் பயன்பெறுவோரை வரையறுத்தே விடப்பட்டவை. பசி ஒன்றையே தகுதியாகக் கொண்ட அன்னசாலையைச் சாசனங்களில் காண்பது அரிது.

சத்திரங்கள்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்ரீகர்களின் சௌகரியத்தை உத்தேசித்துப் பாதை நெடுகிலும் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் பரிபாலனத்துக்கு நன்செய் கிராமங்களை மானியமாக விட்டனர். அவற்றுள் பல அரண்மனைப் பெண்டிரின் பெயரால் வழங்குபவை; நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயராலும், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயராலும் விளங்கியவை சிறப்புடையன. 1799-இல் தஞ்சை இராஜ்யம் ஆங்கிலக் கும்பினியின் வசமானபோது, சத்திரங்களின் நிர்வாகம் தம்மிடமே இருக்கவேண்டும் என்று விரும்பிய இரண்டாம் சரபோஜி மன்னர், 1801-இல் அங்கிருந்த ஆங்கில ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் அன்றாட நடைமுறையை விஸ்தாரமாக விவரித்திருக்கிறார்.

அக்கடிதத்தின்படி, அந்தணர் முதல் பறையர் ஈறாக வந்தவர் எவர்க்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதவர்க்கு அரிசியும் பலசரக்குமாக அளக்கப்படும். நள்ளிரவுவரை இவ்வழங்கல் நடந்து, அப்போது ஒரு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று கூவி அறிவிக்கப்படும். கைக்குழந்தைகளுக்குப் பாலும், நோயுற்றவர்க்கு வைத்தியமும், கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலப் பராமரிப்பும், அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை ஆகாரமும் எண்ணெய்க் குளியலும் கல்வியும் சத்திரத்தின் பொறுப்பாக இருந்தன. ஒரு தர்ம ஸ்தாபனம் எவ்வளவு அக்கறையுடன் நடத்தப்படலாம் என்பதற்கு அக்கடிதம் சிறந்த சாட்சி.

ஆயினும் சமைத்த சோறு ஒருசாரார்க்கும் சமைக்காத அரிசி மற்றொரு சாரார்க்கும் வழங்கப்பட்டமை, எல்லோர்க்கும் உணவு என்பதற்கும் எல்லோர்க்கும் ஒரே இலை வரிசை என்பதற்கும் இடையே இருந்த தூரத்தை அக்கடிதத்துக்குள்ளேயே புலப்படுத்துகிறது. நாடெங்கும் தனிப்பட்ட தனவந்தர்கள் கட்டிய சத்திரங்கள் பலவற்றில் இத்தூரம் இன்னும் மிகுந்திருந்தது. குறிப்பிட்ட வகுப்பினர்க்கு உள்ளே போஜனமும் மற்றவர்க்குத் திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ கஞ்சியும் என்பது அக்காலத்து வழக்கமாகவே இருந்தது.

கஞ்சித்தொட்டி

சத்திரம் யாத்ரீகனுக்காக ஏற்பட்டது. கஞ்சித்தொட்டி பஞ்சத்தில் அடிபட்டவனுக்காக ஏற்பட்டது. ஹைதர் அலியின் படையெடுப்பினால் கர்நாடகப் பிரதேசம் பாழாகி, கிராமத்து ஜனங்கள் உயிர் பிழைக்கச் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிவந்த காலத்தில், 1782-ஐ ஒட்டி, நகரின் வடபால் ஒரு கஞ்சித்தொட்டி ஏற்படுத்தப்பட்டது. மணியக்காரர் ஒருவர் மேற்பார்வையில் நடந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. 1799-இல் அதனை ஒட்டித் தொடங்கப்பட்ட வைத்தியசாலையே வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வடசென்னைவாசிகள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தனர். பெரிய உருளிகளில் காய்ச்சிய கஞ்சியைத் தொட்டியில் ஊற்றி, வரிசையில் நிற்பவர் ஏந்தும் மண்கலயத்திலோ தகரக்குவளையிலோ அகப்பையால் வார்ப்பது இதன் முறை. பந்தியோ இலையோ இல்லாமையால் இங்கே சாதிவேற்றுமை சிறிது தளர்ந்ததுண்டு. ஆனால் அத்தளர்ச்சிக்குக் காரணம் சமத்துவ எண்ணமன்று, ஆபத்தே.

பிற்காலத்தில் கஞ்சித்தொட்டி வேறொரு பொருளையும் பெற்றது. ஆலை வேலைநிறுத்தங்களின்போது தொழிலாளர் குடும்பங்களுக்காகவும், நூல்விலை ஏறித் தறிகள் ஓய்ந்த காலங்களில் கைத்தறி நெசவாளர்க்காகவும், ஊர்ச்சங்கங்களும் அரசியல் கட்சிகளும் தெருமுனையில் கஞ்சித்தொட்டி திறப்பது, பசி தீர்ப்பதோடு அரசாங்கத்தின் பாராமுகத்தை ஊரறியச் செய்யும் கண்டன முறையாகவும் ஆயிற்று.

சாமித்தோப்பும் வடலூரும்

பந்தியின் பேதத்தை முதலில் எதிர்த்தவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். சமயப் பெரியார்களே ஆவர். திருவிதாங்கூர் ஆட்சியிலிருந்த தென்குமரிப் பகுதியில், சாமித்தோப்பில் 1833 முதல் உபதேசம் செய்யத் தொடங்கிய ஐயா வைகுண்டர் (1809–1851), பொதுக் கிணறு வெட்டுவித்து எல்லாச் சாதியாரையும் அதில் நீர் முகக்கச் செய்ததோடு, தம்மை நாடிவந்தவர் அனைவரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ணும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். நீரினாலும் சோற்றினாலும் தீட்டு உண்டாகும் என்று சட்டமும் வழக்கமும் ஒருங்கே கூறிய ஒரு ராஜ்யத்தில் இது சாமானியமான துணிவன்று. அவர் சிறைப்படுத்தப்பட்டதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) வடலூரில் செய்த காரியம் இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், பார்வதிபுரம் கிராமத்தார் மனமுவந்து கொடுத்த 80 காணி நிலத்தில் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. சுமார் 21 அடி நீளமுள்ள அந்த நெடிய அடுப்பின்மேல் வரிசையாக ஏற்றப்படும் பாத்திரங்களில் சோறும் குழம்பும் வெந்தவண்ணம் இருக்க, இரவில் சமையல் ஓய்ந்த பின்னரும் விறகுக் கட்டைகளை இட்டு நெருப்பைக் காத்துவரும் முறையைச் சாலையார் விடாது அனுசரிக்கின்றனர். தைப்பூசத்தன்று கூடும் ஜனத்திரளுக்கு உதவச் சுற்றுக் கிராமத்தார் அரிசியும் காய்கறியும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சேர்ப்பது இன்றும் நடைபெறுகிறது.

அடிகளின் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், பசி வந்தபோது மனிதனுடைய அறிவும் அவயவங்களும் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன என்பதை ஒரு வைத்தியர் நோயின் குறிகளைச் சொல்வதுபோல நிரல்பட எடுத்துரைத்து, சாதி, சமயம், தேசம், ஒழுக்கம் ஆகிய எதனையும் விசாரியாமல் பசித்தவர்க்கு உணவளிக்கவேண்டும் என்று விதிக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. புலால் உண்ணாமையைத் தம் மார்க்கத்தின் அடிப்படையாகக் கொண்ட அடிகள், 1872-இல் திறந்த சத்திய ஞானசபையினுள் கொலையும் புலாலும் தவிர்த்தவரே புகலாம் என்று கட்டளையிட்டார். ஆனால் தருமச்சாலையில் புலால் உண்பவர்க்கும் தடையின்றிப் பசி நீக்கலாம் என்றார். வழிபாட்டுக்கு நிபந்தனை வைத்தவர் சோற்றுக்கு நிபந்தனை வைக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம்

அடிகள் மறைந்து இரண்டாண்டு கழிந்தபின், 1876-இல் பருவமழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைக் கவ்வியது. 1878 வரை நீடித்த அதில் இறந்தவர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர் என்பது பல மதிப்பீடுகளின் முடிவு. தானியமே இல்லாமையால் நேர்ந்ததன்று அந்த க்ஷாமம். விலை ஏறியமையாலும், கூலிவேலை நின்றுபோனமையாலும், வாங்கச் சக்தியற்றவர் கண்ணெதிரிலேயே தானியம் வேறிடங்களுக்குச் சென்றது. சந்தையின் போக்கில் அரசாங்கம் குறுக்கிடலாகாது என்னும் பொருளாதாரக் கொள்கை அக்காலத்து அதிகாரிகளில் பெரும்பாலோர்க்கு வேதவாக்காக இருந்தது.

1877 ஜனவரியில் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்குரிய கூலியும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னை மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனரான கார்னிஷ் என்னும் மருத்துவர், அவ்வளவு உணவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று மறுத்து விடாமல் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. மனிதனுக்கு உயிர் வாழ எவ்வளவு உணவு தேவை என்பது இந்நாட்டில் உத்தியோகஸ்தர்களிடையே இச்சந்தர்ப்பத்தில் அளவையாலும் நிறையாலும் விவாதிக்கப்பட்டது. சென்னைப் பத்திரிகாசிரியர் வில்லியம் டிக்பி அக்காலத்து நிகழ்ச்சிகளை 1878-இல் விரிவான நூலாக எழுதினார். பஞ்சத்தின் முடிவில் நியமிக்கப்பட்ட கமிஷனின் சிபாரிசுகளைத் தழுவிப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. கப்பலேறி இலங்கை முதலான தேசங்களின் தோட்டங்களுக்குச் சென்றவர்களும் அக்காலத்தில் மிகப் பலர்.

பிடியரிசி

அரசரும் அரசாங்கமும் அன்றி, எளிய ஜனங்கள் தாமே தானியம் திரட்டிப் பொதுக்காரியம் செய்த முறைகளுள் பிடியரிசித் திட்டம் சிறப்புடையது. நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுக்களை மூலையில் உள்ள தனிக் கலயத்தில் இடுவாள். குறித்த நாளில் ஒருவர் வந்து வீடுவீடாக அவ்வரிசியைச் சேகரித்துச் செல்வார். விருதுநகரில் நாடார் சமூகத்தார் கடைகளில் பெறும் மகமைப் பணத்தோடு இப்பிடியரிசியையும் சேர்த்து 1889-இல் நிறுவிய க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினர். அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் முதலமைச்சரான காமராசர். கூழ் வார்க்கும் ஆடி மாதத்து அம்மன் கோயில்களும், அக்கம்பக்கத்து மாற்றுச் சமயத்தார்க்கும் நோன்புக் கஞ்சி வழங்கும் பள்ளிவாசல்களும், ஊரே கூடி உண்ணும் அசனத்தை ஆண்டுதோறும் நடத்தும் திருநெல்வேலிப் பகுதித் தேவாலயங்களும் இம்மரபைச் சேர்ந்தவையே.

சேரமாதேவி

இருபதாம் நூற்றாண்டில் பந்தியின் பிரச்சினை அரசியலின் நடுவிடத்துக்கு வந்தது. அண்டை நாடான கொச்சியில் 1917-இல் சகோதரன் ஐயப்பன் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உண்ணச் செய்து ஊராரின் பகிஷ்காரத்துக்கு ஆளானார். தமிழ்நாட்டில் வ. வே. சு. ஐயர் சேரமாதேவியில் நடத்திய குருகுலம், தேசிய உணர்ச்சியுடன் பிள்ளைகளைப் பயிற்றும் நோக்குடன், காங்கிரஸின் பொருளுதவியையும் பெற்று எழுந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்படுகிறது என்னும் செய்தி 1924-இல் வெளிப்பட்டபோது, டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். இருவர்க்காக இடப்பட்ட இலைதானே என்று ஒருசாரார் சமாதானம் கூறினர். பொதுப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனத்தில் ஓர் இலை தனித்து இடப்படுவதும் ஆகாது என்று மற்றொரு சாரார் வாதித்தனர். ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். 1925 ஜூனில் பாபநாசத்து அருவியில் மூழ்கி உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவர் நடத்திய சுயமரியாதை இயக்கத்தின் மகாநாடுகளில் சமபந்தி போஜனம் அதன்பின் ஒரு நியதியாயிற்று.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு

சேரமாதேவிக்குச் சிறிது முன்னதாகவே சென்னை நகரசபை வேறொரு வழியைத் தொடங்கிவிட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் நகரசபை 1920 செப்டம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, ஆயிரம் விளக்குப் பகுதி நகரசபைப் பள்ளியில் மாணவர்க்குப் பகலுணவு அளிக்கப்பட்டது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இது விரிந்தது. இவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1922–23-இல் 811-ஆக இருந்தது, 1924–25-இல் 1,671-ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசாங்கம் இசையாமையால் 1925-இல் இத்திட்டம் நின்றது. எனினும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்க்க வல்லது எது என்பது அந்த இரண்டு எண்களால் ஐயமற விளங்கிவிட்டது.

காமராசர் முதலமைச்சராக (1954–1963) இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு, மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் இதனைப் பிரஸ்தாபித்துத் தொடங்கிவைத்தார். முதலில் இது அரசாங்கச் செலவில் நடந்த திட்டமன்று. ஊரார் அரிசியும் விறகும் காய்கறியும் பாத்திரமும் தந்து நடத்திய தர்மமாகவே இருந்தது. பின்னர் அரசாங்கம் பங்கேற்றபோது, ஒரு வேளை உணவின் செலவு 10 காசு என்றும், அதில் 6 காசை அரசாங்கமும் எஞ்சிய 4 காசை உள்ளூராரும் ஏற்பது என்றும் ஏற்பாடாயிற்று. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில், ஊர்ப் பெரியவர்கள் மேடையேறித் தட்டு, தம்ளர், அண்டா, சீருடை, நிலம் எனத் தாம் தருவதை ஒவ்வொன்றாக அறிவித்தனர்.

1961 முதல் கேர் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் பால்மாவும் எண்ணெயும் தானியமும் அளித்தது. மஞ்சள் நிறக் கோதுமை ரவை உப்புமாவின் ருசியை அத்தலைமுறையார் மறக்கவில்லை. நூற்றாண்டுகளாகத் தனித்தனியே உண்ட வகுப்பாரின் பிள்ளைகள், வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டை முன்னே வைத்துக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்தில் ஒரே வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்தது, மகாநாட்டுத் தீர்மானங்கள் பலவற்றால் ஆகாத காரியம். பெரும்பாலும் ஆரவாரமின்றியே அது நிகழ்ந்தது.

விளைவித்தவர் பசி

பசிநீக்க முயற்சிகளை மட்டும் கூறிப் பசியின் காரணத்தைக் கூறாது விடுவது வரலாறாகாது. சத்திரங்களுக்கு அரிசி தந்த தஞ்சை நன்செயில் உழுதவர் பண்ணையாட்கள். அவர்கள் உழைத்து விளைத்த நெல் களத்திலிருந்து போனபின் கூலியாகப் பெற்றது ஆண்டு முழுதும் உண்ணப் போதாது. பி. சீனிவாச ராவ் முதலியோர் 1940-களில் அவர்களைச் சங்கமாகத் திரட்டினர். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி நெல்லைச் சிறிது உயர்த்தித் தரக் கேட்ட பூசலின் விளைவாக, கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 தாழ்த்தப்பட்டோர் ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். இந்நிகழ்ச்சியால் நெஞ்சம் நெகிழ்ந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் உழுபவரின் நில உரிமைக்கென லாஃப்டி என்னும் இயக்கத்தை நிறுவி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்கும் பணியை மேற்கொண்டனர். குடபுலவியனார் நீரைக் குறித்துக் கூறியதை இவர்கள் நிலத்தைக் குறித்துச் செய்தனர் என்னலாம்.

சத்துணவு முதல் சட்டம் வரை

1982 ஜூலை 1-ஆம் நாள், முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமப்புறத்துச் சிறு பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இத்திட்டம் சில மாதங்களில் நகரங்களுக்கும், 1984-இல் பத்து முதல் பதினைந்து வயதினர்க்கும் விரிந்தது. பொருளாதார நிபுணர் பலர் கஜானா தாங்காது என்று எச்சரித்தனர்; அவர்களது அபிப்பிராயம் பொய்த்தது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூவர் நியமிக்கப்பட்டமையால், விதவைகளும் கைவிடப்பட்டவர்களுமாகிய கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் ஊதியம் பெற்றனர். ‘ஆயாம்மா’ என்று பிள்ளைகள் அழைக்கும் அப்பெண், காலையில் அரிசியும் பருப்பும் அளந்து போட்டு, கீரையை ஆய்ந்து, மணி அடிக்குமுன் சோற்றையும் சாம்பாரையும் இறக்கிவிடவேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரிசி 100 கிராம். மு. கருணாநிதியின் ஆட்சியில் 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, படிப்படியாக உயர்ந்து 2010-இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒருசாராரின் ஆசாரத்தை முன்னிட்டு ஏனையோர்க்கு முட்டையையே மறுத்த மாநிலங்களும் உண்டாதலின், இவ்வேற்பாட்டின் நியாயம் தெளிவாகும்.

2001-இல் அரசாங்கக் களஞ்சியங்களில் தானியம் குவிந்து கிடக்கையில் நாட்டின் பல பகுதிகளில் ஜனங்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள், எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் சமைத்த உணவு அளிக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. தமிழ்நாட்டின் அனுபவம் அவ்வாணைக்கு முன்மாதிரியாக நின்றது. 2004 ஏப்ரல் 20-ஆம் நாளைய மற்றோர் ஆணை, சமையலர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது. சோறு யார்க்கு என்னும் கேள்வியைத் தாண்டி, யார் கையால் என்னும் கேள்வியையும் சட்டம் தொட்டது இதனால்தான். 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழைகளைப் பிரித்து எண்ணும் முறையை மத்திய அரசு 1997-இல் புகுத்திய பின்னரும், ரேஷன் அரிசி எல்லாக் குடும்பங்களுக்கும் பொது என்னும் கொள்கையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்படுகிறது.

2013-இல் சென்னையில் ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகங்களை மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்தினர். இட்லி ஒரு ரூபாய். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மு. க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 1,545 தொடக்கப்பள்ளிகளில் ஏறக்குறைய 1,14,000 பிள்ளைகளுடன் ஆரம்பித்து, மறு ஆண்டிலேயே மாநிலத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

இன்றைய நிலையும் மதிப்பீடும்

பள்ளிப் பிள்ளைகளின் வரிசை ஒன்றான பின்னரும், சமைப்பவரின் சாதி குறித்த தடை ஆங்காங்கே தலைதூக்குகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அவிநாசி வட்டாரப் பள்ளி ஒன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமையலராக வந்தபோது, ஆதிக்கச் சாதியார் சிலர் பள்ளியை முற்றுகையிட, அதிகாரிகள் முதலில் அவரை இடமாற்றம் செய்தனர். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வுத்தரவு விலக்கப்பட்டு, தடுத்தவர்கள்மீது வழக்குப் பதிவாயிற்று. 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவப் பெண் ஒருவர் பந்தியினின்றும் எழுப்பப்பட்டார்; செய்தி பரவியபின் அறநிலையத்துறை அமைச்சர் அதே கோயிலில் அவருடன் அமர்ந்து உண்டார். 2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டிக் கிராமத்துப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த காலையுணவைப் பிள்ளைகள் உண்ணாதவாறு பெற்றோர் தடுக்க, நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி முதலியோர் சென்று பிள்ளைகளோடு உண்டனர். காமராசர் மதிய உணவைத் தொடங்கிய ஊருக்கு அருகிலேயே, அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் இது நேர்ந்தது.

இவ்வரலாற்றை முழுமையாக நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். தானியத்தைத் திரட்டுவதும் பங்கிடுவதும் கடினமாயினும், பணமும் நிர்வாகமும் கூடினால் நடந்தேறும் காரியங்கள். கடந்த ஒரு நூற்றாண்டில் தமிழ்நாடு அவற்றில் பெரிதும் வெற்றி கண்டது. பந்தியின் நீதி அவ்வாறு ஒருமுறை வென்று ஓயக்கூடியதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும், ஒவ்வொரு சமையற்கூடத்திலும் மறுபடி நிலைநாட்டப்பட வேண்டியிருக்கிறது. அமைச்சரும் அதிகாரியும் வந்து உடன் அமர்ந்து உண்பது நல்ல சமிக்ஞையே ஆயினும், அவர்கள் வாகனம் ஏறிச் சென்றபின் அவ்வூரில் எஞ்சுவது சமையலரின் நியமன உத்தரவு ஒன்றுதான். எத்தனை பேர் முறையிட்டாலும் அவ்வுத்தரவை மாற்றாமல் காப்பதே, வைகுண்டரும் வள்ளலாரும் தொடங்கிய காரியத்தில் இன்றைய நிர்வாகத்துக்கு வாய்த்த பங்கு.